பள்ளித்தோழர் நெஞ்சில் இராமானுசன்



கணக்கறிஞர் இராமானுசன் 1920 ஏப்பிரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். அப்போது அவர்க்கு அகவை 32. இலண்டன் அரசக் கழகம் 1918-இல் அவரை உறுப்பினராக ஏற்றதை ஆவணங்கள் சொல்லும். கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு அவர் 1913-இல் மடல் விடுத்ததையும் ஆவணங்கள் சொல்லும். ஆனால், குடந்தைத் தெருவில் குடுமியோடு ஓடிய சிறுவனை யார் சொல்லுவார்? உடன் பயின்றவரே சொல்ல இயலும்.

சாரங்கபாணி என்னும் தோழர் ஒருவர் இருந்தார். கணக்குத் தேர்வொன்றில் 45-க்கு அவர் 43 பெற்றார்; இராமானுசன் பெற்றது 42. ஒரே ஒரு மதிப்பெண்தான் குறைவு! ஆயினும் இராமானுசன் சினந்து அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார். மற்றப் பாடங்களில் நீதானே முந்துகிறாய் என்று தோழர் ஆற்றியும் பயனில்லை. அழுதுகொண்டே அன்னையிடம் ஓடினாராம். அரசக் கழகத்தாரின் ஏடுகளில் இந்தக் கண்ணீரைத் தேடினால் கிடைக்குமா?

இன்னொரு தோழர் இராசகோபாலாச்சாரியார். (ஆளுநராய் இருந்த இராசாசி அல்லர், இவர் வேறு.) இராமானுசனினும் மூத்த மாணவரான இவர், அச்சிறுவனின் திறத்தைக் கேள்வியுற்று, சோதித்துப் பார்க்க ஒரு கணக்கைப் போட்டார். இரண்டு எண்கள். முதலெண்ணின் இருமடி மூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7. முதலெண்ணோடு இரண்டாவதன் இருமடி மூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் யாவை? நான்காம் படிவத்துப் பிள்ளை அரை நிமையத்தில் விடை சொன்னான்: 9, 4. கூட்டிப் பாருங்கள், மூன்றும் நான்கும் ஏழு, ஒன்பதும் இரண்டும் பதினொன்று. அன்று தொடங்கியது நட்பு.

அந்த நட்புக்கு வேலை வந்தது பின்னால். கணக்கையே எண்ணிக்கொண்டு மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் குடந்தைக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி இல்லை. பட்டமில்லாதவர்க்கு வேலை ஏது? கையில் குறிப்பேடுகள், வயிற்றில் பசி. 1910-ஆம் ஆண்டளவில் நெல்லூர்த் தண்டலர் இராமச்சந்திர ராவைக் காணச் சென்றபோது, அவர்க்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. இவர் சொல்லுவன மெய்தாமா, வெறும் ஏமாற்றா என்னும் ஐயம். மனமுடைந்து ஊர் திரும்பவிருந்த இராமானுசனைத் தடுத்து நிறுத்தி, மீண்டும் அத்தண்டலரிடம் அழைத்துச் சென்றவர் பழைய பள்ளித்தோழர் இராசகோபாலாச்சாரியாரே. பலமுறை சென்ற பின்னரே ஐயம் நீங்கிற்று. திங்களுக்கு 25 உருபா தம் பையிலிருந்து கொடுக்கத் தண்டலர் இசைந்தார். 1912 மார்ச்சில் துறைமுக அலுவலகத்தில் 30 உருபாச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1914 மார்ச்சில் கப்பல்.

எண்ணிப் பாருங்கள்! அக்குறிப்பேடுகளை முழுதும் விளங்கிக்கொள்ளத் தோழரால் இயலவில்லை, ஆசிரியராலும் இயலவில்லை. ஆயினும் தோழர் நம்பினார். தண்டலர்க்குச் சான்று வேண்டியிருந்தது; தோழர்க்குப் பள்ளியில் அரை நிமையத்தில் கேட்ட விடையே போதியதாயிருந்தது.

இச்செய்திகள் நமக்குக் கிடைத்தது எவரால்? பெரிய கழகங்களாலன்று. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்காசிரியர் பி. கே. சீனிவாசன், இராமானுசனின் மடல்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் திரட்டி 1968-இல் நூலாக்கினார். அந்நூலும் ஆங்கிலத்தில் அமைந்தது நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. குடந்தைத் திண்ணையில் தமிழில் சினந்து தமிழில் அழுத பிள்ளையின் கதையன்றோ அது! ஆயினும் அவ்வாசிரியரின் உழைப்பைக் குறைத்துப் பேசுதல் நன்றி கொன்ற செயலாகும். நூல் வெளிவந்த ஆண்டில் இராமானுசன் இருந்திருந்தால் அவர்க்கே அகவை 80. உடன் பயின்றவரும் அந்த அகவையினரே. இன்னும் பத்தாண்டு தாழ்த்திச் சென்றிருந்தால், அந்த 42 மதிப்பெண்ணைச் சொல்ல எவர் இருந்திருப்பார்?