பிள்ளைக்கும் பி.பி. பாருங்கள்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிள்ளை அடிக்கடி தலைவலி என்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. எங்கோ பயந்துவிட்டது என்று ஓதிப் பார்க்கிறோம். ஓதுங்கள், துஆ செய்யுங்கள். அதோடு டாக்டரிடம் பி.பி.யும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் ரத்த அழுத்தம் ஏறும்.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல் அட்ரினல் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வந்தாலும் இப்படி ஆகலாம். முகம் உப்பி, உடம்பு பருத்து, உயரம் மட்டும் வளராமல் நிற்பதும், ஐந்தாறு வயதிலேயே பருவ அடையாளங்கள் தெரிவதும் எச்சரிக்கைதான். கைக்குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் உடனே காட்டுங்கள். இவை அரிய நோய்கள். வேறு காரணமும் இருக்கலாம். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் பரிசோதனைகளில் விவரம் தெரியவரும்.

முன்பு இந்தக் கட்டியை எடுக்க வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்தது. 1992-இல் கனடா மருத்துவர்கள் லேப்ராஸ்கோபி முறையில் இச்சுரப்பியை எடுத்ததை வெளியிட்டார்கள். பிறகு பிள்ளைகளுக்கும் அம்முறை வந்தது. மூன்று, நான்கு சிறு துளைகள். 3 முதல் 5 மில்லிமீட்டர் கருவிகள். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் கட்டி பெரிதாக இருந்தாலோ, ரத்தக்குழாயைச் சுற்றியிருந்தாலோ திறந்து செய்வதே பாதுகாப்பு. ஏழை என்பதால் பழைய முறையில் செய்கிறார்கள் என்று எண்ணாதீர்கள்.

ரத்த அழுத்தத்தை ஏற்றும் கட்டியானால், ஒன்றிரண்டு வாரம் மாத்திரை கொடுத்து அடக்கிய பிறகே தொடுவார்கள். நாள் தள்ளிப்போகிறதே என்று பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது.

ஒரு சுரப்பியை எடுத்தாலும் மற்றொன்று போதும். சிலருக்கு மட்டும் அது விழித்துக்கொள்ளும் வரை ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும். அதைத் தானாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. ரமளானில் பிள்ளை நோன்பு வைக்க ஆசைப்படும். டாக்டரைக் கேட்காமல் வைக்கவிடாதீர்கள். பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. காய்ச்சல், வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை தூரமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியம் தருவானாக. ஆமீன்.