நாவின் சுவையும் நெஞ்சின் நோன்பும்



முகையூர், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியும் பணியும் நாடிக் கடல் கடந்து செல்கின்றனர். மல்லாட்டைப் பொடியும் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் அன்னையர் கட்டிக் கொடுக்கின்றனர். சில வாரங்களில் அவை தீர்ந்துவிடும். அதன்பின் அயல்நாட்டு உணவுமேசையில் அப்பிள்ளைகளைக் காப்பது எது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

1888ஆம் ஆண்டு பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி சட்டம் பயில இலண்டன் செல்ல விரும்பினார். அன்னை புத்லிபாய் அஞ்சினார். பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று மைந்தர் உறுதிமொழி ஏற்ற பின்னரே விடை கொடுத்தார்.

கப்பலில் வீட்டிலிருந்து கொண்டு சென்ற இனிப்புகளும் பழங்களுமே அவருக்கு உணவாயின. இலண்டனில் உப்பும் மசாலையும் இன்றி வேகவைத்த காய்கறிகள் நாவுக்கு ஒவ்வவில்லை. கீரையும் ரொட்டியும் பழப்பாகும் உண்டு அரைவயிற்றோடு எழுந்தார். மேலும் கேட்க நாணினார். இரவுகளில் தாயை நினைந்து கண்ணீர் வடித்தார். எழுத்தறியாத அன்னையின் முன் செய்த உறுதிமொழிக்கு மதிப்பென்ன என்று நண்பர் ஒருவர் நாள்தோறும் வாதிட்டார். ஆயினும் காந்தி இசையவில்லை.

பல கல் தொலைவு நடந்து தேடியபின், பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். ஹென்றி சால்ட் என்பவர் புலால் மறுத்தலை வலியுறுத்தி எழுதிய நூலை அங்கே ஒரு ஷில்லிங்குக்கு வாங்கினார். அந்நகரில் முதன்முறையாக வயிறார உண்டதும் அங்கேதான். அதுவரை அன்னைக்குத் தந்த சொல்லுக்காகப் புலால் தவிர்த்தவர், அந்நூலைக் கற்றபின் தம் அறிவின் தெளிவாலும் தவிர்த்தார்.

அதன்பின் வீட்டு இனிப்புகளையும் மசாலைகளையும் தாமே விட்டுவிட்டார். முன்னர்ச் சுவையற்றிருந்த அதே வெந்த கீரை இப்போது சுவைத்தது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். முட்டை புலாலாகாது என்று சிலர் கூறியபோதும், தம் அன்னை கொண்ட பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அதனையும் நீக்கினார். ஒவ்வொரு பண்டத்திலும் முட்டை கலந்துள்ளதா என்று கேட்டறிந்தே உண்டார்.

இந்நிகழ்ச்சி சுவை வேறு, நோன்பு வேறு என்பதைத் தெளிவாக்குகிறது. ஊர்ச்சுவைக்கு ஏங்குவது இயல்பு, அது குற்றமன்று. அச்சுவை கிட்டாவிடினும் வாழ்வு குறைவுபடாது. கொல்லாமையை இழந்தாலோ, அதனை ஈடுசெய்ய வேறொன்றில்லை.

இரவுண்ணாமையையும் இவ்வாறே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலண்டனில் திசம்பர் இறுதியில் மாலை நான்கு மணியளவிலேயே கதிரவன் மறைகிறான். ஜூன் இறுதியில் ஒன்பது மணிக்குப் பின்பே மறைகிறான். ஊரில் உண்ட நேரத்தை மட்டும் அறிந்த பிள்ளை அங்கே திகைக்கும். இருளில் சிற்றுயிர்கள் மடியாமற் காப்பதே அந்நோன்பின் கருத்து என்று அறிந்த பிள்ளையோ, பணியிடத்திலும் கதிரவன் மறையுமுன் உண்ண வழி தேடிக்கொள்ளும்.

ஆதலின், பெற்றோர்களே! ஊறுகாய் கட்டித் தருவதோடு அமையாது, மகனுக்கும் மகளுக்கும் சமையல் கற்பியுங்கள். உண்ணத் தகாதவற்றைக் கூறும்போதே அதன் காரணத்தையும் கூறுங்கள். அவர்கள் வினவினால் சினவாது விடை பகருங்கள். தொலைவிலிருந்து அழைக்கும் பிள்ளையிடம், "சாப்பிட்டாயா?" என்பதோடு, "என்ன சமைத்தாய்?" என்றும் கேளுங்கள்.

அறம் வளர்க! அருகன் நெறி வாழ்க!