பொருத்து வீடு வாங்கலாமா?

(குச்சவெளியில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)

'ரெண்டு கிழமையில வீடு ரெடி' என்று யாரும் பொருத்து வீடு விற்க வந்தால் அவசரப்படாதீங்க.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் கட்ட அரசாங்கம் முனைந்தது. வீடு ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபா. அதைவிடக் குறைந்த செலவில் கல் வீடே கட்டலாமென்று பொறியியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, கடைசியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இங்கே உப்புக் காத்து இரும்பை அரிக்கும். நம்ம மலையில் ஈரம் அரிக்கும். ஆகவே கேளுங்க: அத்திவாரம் எப்படி? துருப்பிடித்தால் திருத்துவது யார்? பிள்ளைக்குக் கலியாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்டலாமா? காணி உறுதி யார் பேரில்?

பதில் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து வையுங்க. லயத்துக் கூரை ஒழுகினா துரையைக் கேட்கலாம். சொந்தக் கூரை ஒழுகினா நாமதான் பார்க்கணும்.