டான்ஸிலை எடுக்கலாமா, வேண்டாமா?

(நமது கிளையின் ஆரோக்கியக் கூட்டத்தில், காது-மூக்கு-தொண்டை மருத்துவரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்யாணப் பந்தியில்கூட நம்மவர்கள் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், பையனுக்கு 28 வயசாறது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் தொண்டை வலி, ஜுரம். டான்ஸிலை எடுத்துடலாமா? இந்த வயசுல எடுக்கலாமோ?" பந்தியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அதனால் இன்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் அகங்களில் டான்ஸிலை 'உள்நாக்கு' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. உள்நாக்கு என்பது வாயைத் திறந்தால் நடுவில் மணி போலத் தொங்குவது. அதன் இரண்டு பக்கமும் தொண்டையின் ஓரங்களில் இருக்கும் சதைகள்தான் டான்ஸில். நோய்க்கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பதில் அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வேலை சிறு வயதில்தான் அதிகம். பெரியவர்களானதும் அதே வேலையைச் செய்ய உடம்பில் வேறு பல இடங்கள் இருக்கின்றன. ஆகவே 'எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும்' என்று பெரியவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதற்காக, பெரிதாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கவும் வேண்டியதில்லை.

பின் எதை வைத்து முடிவு செய்கிறோம்? எண்ணிக்கையை வைத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் வந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஒரே வருஷத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருஷம் வருஷத்துக்கு 5 முறை, அல்லது தொடர்ந்து 3 வருஷம் வருஷத்துக்கு 3 முறை. இது குழந்தைகளுக்காக வந்த கணக்கு என்றாலும், பெரியவர்களுக்கும் ஏறக்குறைய இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தொண்டை கரகரத்த நாளெல்லாம் கணக்கில் சேராது. தொண்டை வலியோடு 101 டிகிரியை ஒட்டிய ஜுரம், டான்ஸில்மேல் வெள்ளைப் படலம், கழுத்தில் வலியோடு நெறிகட்டுதல், பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தெரிவது இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். மருத்துவர் பார்த்து எழுதியதாகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். பையன் படித்தது மணிபாலில், முதல் வேலை புனேயில், இப்போது குர்காவ்(ன்). ஒவ்வொரு ஊரிலும் ஒரு டாக்டர். போன தடவை வந்தபோது என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. "அடிக்கடி வரும்" என்பதைத் தவிர பையனுக்கும் சொல்லத் தெரியாது. அதனால் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, ஜுரம் எத்தனை டிகிரி, டாக்டர் என்ன பார்த்தார், என்ன மருந்து, எத்தனை நாள் லீவு. ஒரு வருஷம் எழுதினால் பாதி கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

அப்படி எழுதும்போது பலருக்கு வேறொன்றும் புரிய வரும். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்தின் பகுதி. வேறு சிலருக்கு அலர்ஜியால் மூக்கிலிருந்து சளி பின்பக்கமாக இறங்குகிறது. இன்னும் சிலர் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறார்கள். வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையை அரிக்கிறது. இவர்களுக்கு டான்ஸிலை எடுத்தாலும் வலி போகாது. ஆன்டிபயாடிக்கும் உதவாது. போன தடவை மிச்சமான நாலு மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று தெரிந்தால் மட்டும், டாக்டர் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இள வயதினருக்கு இதய வால்வைப் பாதிக்கும் ருமாடிக் ஜுரம் வராமல் தடுப்பது அந்த முழு மருந்துதான்.

எண்ணிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு பக்க டான்ஸில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போவது, ஆறாத புண், கழுத்தில் கரையாத கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் எது தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். புற்றுநோயா என்று பார்க்க அந்த டான்ஸிலையே எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கலாம். டான்ஸிலைச் சுற்றிச் சீழ் கட்டி வாயே திறக்க முடியாமல் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது மறுபடி வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரிய டான்ஸில் அடைத்துக்கொண்டு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் அறுவை உதவலாம். அதற்குமுன் தூக்கப் பரிசோதனை அவசியம்.

சரி, எடுத்தால் என்ன பலன்? பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில், அடிக்கடி டான்ஸில் அழற்சி வந்த 453 பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2023-ல் 'லான்செட்' இதழில் வந்தது. இரண்டு வருஷத்தில் தொண்டை வலி இருந்த நாட்களின் நடுமட்டக் கணக்கு, அறுவைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு 23, மருந்தோடு காத்திருந்தவர்களுக்கு 30. பலன் உண்டு, ஆனால் தொண்டை வலியே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அதே ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ ரத்தக் கசிவு இருந்தது.

குழந்தை ஒரு வாரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். பெரியவர்களுக்கு வலி சுமார் இரண்டு வாரம். காதுவரை இழுக்கும். நாலைந்து நாள் கழித்து வலி கூடுவதும் உண்டு. அறுத்த இடத்தில் வெள்ளையாகப் படியும், அது சீழ் அல்ல. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை அந்தப் படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம். வாயில் சிவப்பாக ரத்தம் வந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே தேதி குறிப்பதற்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்த இரண்டு வாரமும் கூட யார் இருப்பார்கள் என்பதைத்தான். தனியாக அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளும் பெண்களும் மூன்றாம் நாள் ரயிலேறி அம்மாவிடம் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. அம்மா அங்கே வரட்டும், அல்லது அறுவையையே அம்மா இருக்கும் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தம், வெளிநாட்டுப் பயணம் இவற்றுக்கு முந்தின வாரம் வேண்டாம். ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி மாமிகள் கேட்பீர்கள். ஐஸ்க்ரீம் இதமாக இருக்கும், கட்டாயம் ஒன்றுமில்லை. குழைந்த தயிர்சாதம், இட்லி, கஞ்சி, மோர் எல்லாம் தரலாம். புளிப்பும் காரமும் எரியும். முறுக்கும் தட்டையும் அப்பளமும் இரண்டு வாரம் டப்பாவிலேயே இருக்கட்டும். வலிக்கிறதென்று விழுங்காமல் இருந்தால் வலி கூடும். வலி மருந்தை நேரத்துக்குக் கொடுத்துத் தீர்த்தம் குடிக்க வையுங்கள்.

பாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குரல்நாண்கள் டான்ஸிலுக்கு வெகு கீழே இருக்கின்றன. அவற்றில் கத்தி படுவதில்லை. ஆனால் தொண்டையின் இடவசதி மாறுவதால் நாதத்தில் சிறு மாற்றம் தெரியலாம். கச்சேரி செய்கிறவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

28 வயதில் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், வயது தடையில்லை. வருஷத்தில் ஏழு முறை ஜுரத்தோடு படுத்து, லீவெல்லாம் அதற்கே போகிறதென்றால் இரண்டு வாரக் கஷ்டம் பெரிதல்ல. வருஷத்துக்கு இரண்டு முறைதான் என்றால் உப்பு வெந்நீரும் பொறுமையும் போதும். உங்கள் பையன் எந்தப் பக்கம் என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, அவனும் அவன் டாக்டரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும்.