தளபதியின் கடிதமும் அவையின் காதுகளும்

  தலைமையுரை நீண்டால் கட்டுரையாளர்களின் நேரம்தான் குறையும் என்பதை அறிவேன். ஆகவே அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவையான கான்டினென்டல் காங்கிரஸுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் முன்வைக்கிறேன்.

1775 ஜூன் 15 அன்று வாஷிங்டனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்த காங்கிரஸ் அவைக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. போர் அலுவல்களை உறுப்பினர் குழுக்களே பார்த்தன. 1776 ஜூனில் ஜான் ஆடம்ஸ் தலைமையில் போர் வாரியம் ஒன்று வந்தது. அதன் பிறகும் தளபதி எழுதியது பெரும்பாலும் அவைத் தலைவருக்குத்தான். தலைவர் பெயருக்கு வந்த கடிதம் அவையில் படிக்கப்பட்டது. அத்தனை பேர் காதில் விழுந்த செய்தி எத்தனை நாள் இரகசியமாக நிற்கும்?

பிரிட்டிஷ் படையிருந்த பாஸ்டனை வாஷிங்டனின் படை முற்றுகையிட்டிருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1775 ஆகஸ்டில் வெடிமருந்தைக் கணக்கெடுத்தால், ஆளுக்கு ஒன்பது முறை சுடுவதற்கு மேல் தேறவில்லை. இதைச் சொல்லாவிட்டால் மருந்து வராது. சொன்னது வெளியே கசிந்தால் பிரிட்டிஷ் படை வரும். வாஷிங்டன் காங்கிரஸுக்கு எழுதினார். எழுதாமல் வேறு வழியில்லை.

இந்த இக்கட்டு முற்றியது 1777-78 குளிர்காலத்தில். காங்கிரஸ் கூடிவந்த பிலடெல்பியா எதிரி வசமாகிவிட்டது. காங்கிரஸ் சஸ்குஹன்னா ஆற்றுக்கு அப்பால் யார்க் நகரில். படை வேலி ஃபோர்ஜ் குளிர்காலப் பாசறையில். டிசம்பர் 23 அன்று, காலணியும் உடையுமின்றிப் பணிக்கு உதவாமல் கிடப்போர் 2,898 பேர் என்று வாஷிங்டன் எழுதினார். சூடான அறையில் உட்கார்ந்து கண்டனம் எழுதுவோரை அதே கடிதத்தில் ஒரு பிடி பிடிக்கிறார். நிதானத்துக்குப் பேர்போன மனிதரிடமிருந்து இது.

இங்கேதான் ஒரு செய்தியை நம் ஆய்வாளர்கள் வேகமாகக் கடந்துபோகிறார்கள். அப்போதைய அவைத் தலைவர் ஹென்றி லாரன்ஸ். அவருடைய மகன் ஜான் லாரன்ஸ், வாஷிங்டனின் உதவி அதிகாரிகளில் ஒருவர். அவையில் படிக்கப்படும் கடிதத்துக்குப் பக்கத்தில், தகப்பனும் மகனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1778 ஜனவரியில் தளபதியைத் தாக்கும் பெயரில்லாத தாள் ஒன்று லாரன்ஸ் கைக்கு வந்தது. அவர் அதை அவையில் வைக்கவில்லை; நேரே வாஷிங்டனுக்கு அனுப்பினார். வாஷிங்டனோ, அதைக் காங்கிரஸின் முன் வையுங்கள் என்று ஜனவரி 31 அன்று பதில் எழுதினார். இரகசியங்களை வெளியிடாமல் தான் பதில் சொல்ல முடியாது என்பதைத் தன் தரப்பிலேயே உள்ள எதிரிகள் நன்கறிந்தே தாக்குகிறார்கள் என்ற மனத்தாங்கலும் அதே கடிதத்தில் இருக்கிறது. அவரைக் கவிழ்க்கப் பெரிய சதி நடந்தது என்று பாடநூல்கள் சொல்லும் அளவுக்கு எனக்கு நம்பிக்கையில்லை. அரைகுறைத் தகவலில் வளர்ந்த முணுமுணுப்பே அதிகம்.

இதற்குள் காங்கிரஸ் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்திருந்தது. கடிதத்தையே நம்பியிராமல், உறுப்பினர் குழுவொன்றைப் பாசறைக்கே அனுப்பியது. ஜனவரி 29 தேதியிட்ட நீண்ட அறிக்கையை வாஷிங்டன் அவர்களிடம் நேரில் கொடுத்தார். அதன் வரைவில் இன்னோர் உதவி அதிகாரியான அலெக்சாண்டர் ஹாமில்டனின் கையுண்டு. அவையில் உரக்கப் படிக்க முடியாத விவரங்களை அங்கே மேசையில் விரித்துப் பேச முடிந்தது. அந்தப் பேச்சின் பலனாக மார்ச் தொடக்கத்தில் படைத்தலைவர் நதானியேல் கிரீன் படையின் தளவாடப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார்.

அவைத் தலைவருக்கு எழுதிய கடிதங்களை மட்டும் அடுக்கிவைத்து, காங்கிரஸ் செவிடாக இருந்தது என்று முடிவுகட்டும் கட்டுரைகள் இன்றைக்கும் வருகின்றன. யார் காதுக்காக எழுதப்பட்டது, எது வேண்டுமென்றே விடப்பட்டது என்று ஒவ்வொரு கடிதத்திடமும் கேட்கவேண்டும். சரடோகாவில் பிரிட்டிஷாரை வென்ற செய்தியைப் படைத்தலைவர் ஹொரேஷியோ கேட்ஸ் தன் தளபதியைத் தாண்டி நேரே காங்கிரஸுக்கு அனுப்பியதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும். முதல் அமர்வின் கட்டுரை அதைப் பற்றியதே. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.