குறியும் எழுத்தும்



தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகத்தில் மிஷ்லின் நிறுவனம் டயர் செய்கிறது. டயர்களை அடுக்கிச் செய்தாற்போன்ற வெண்ணிற மனிதன் அதன் சின்னம். ஓகலோப் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1898ஆம் ஆண்டில் அவனை வரைந்தார். மதுவடிப்பாலை ஒன்றுக்காக வரையப்பட்டு, ஏற்கப்படாமற்போன படமே டயர் மனிதனாக உருமாறிற்று. 'பிபெண்டம்' என்னும் அவனது பெயர் இலத்தீன் கவிஞர் ஹோரேசின் பாடலடி ஒன்றிலிருந்து வந்தது. அவன் கைக்கிண்ணத்தில் மது இல்லை. ஆணியும் கண்ணாடிச் சில்லும் இருந்தன. சாலையின் இடர்களை டயர் விழுங்கிவிடும் என்பது அதன் பொருள். கவிதைச் சொல்லொன்று வணிகச் சின்னத்தின் பெயராயிற்று.

சின்னம் படைக்கும் கலையில் தமிழர் ஒருவரும் நிலைத்த இடம் பெற்றுள்ளார். 1978இல் பிறந்த கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த த. உதயகுமார், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று 2001இல் பட்டம் பெற்றார். பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பு மையத்தில் காட்சித் தொடர்பியல் கற்றார். அங்கேயே தமிழ் அச்செழுத்தின் வடிவங்களை முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்தார். சுவர்களை அளந்த மாணவர், எழுத்தின் வளைவுகளை அளக்கத் தொடங்கினார். இரண்டிலும் கோடு எவ்வளவு முதன்மையோ, கோடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் அவ்வளவு முதன்மை. சொற்களுக்கிடையே மௌனத்தை வைக்கத் தெரிந்த கவிஞர்களுக்கு இது புதிதன்று.

இந்திய ரூபாய்க்குக் குறியீடு வேண்டி நடுவண் அரசு 2009இல் போட்டி அறிவித்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து வடிவங்களுள் உதயகுமாருடையதை அமைச்சரவை 2010 சூலை 15 அன்று ஏற்றது. பரிசு இரண்டரை இலட்சம் ரூபாய். தேவநாகரியின் 'ர' எழுத்தும், செங்குத்துக் கோடு நீங்கிய உரோமானிய 'ஆர்' எழுத்தும் அக்குறியில் ஒன்றாயின. மேலுள்ள இரு கிடைக்கோடுகள் மூவண்ணக் கொடியையும் சமன் குறியையும் நினைவூட்டுகின்றன.

இங்கே ஒரு வினா எழுகிறது. தமிழெழுத்தை ஆராய்ந்தவர் வரைந்த குறியில் தமிழெழுத்து இல்லை. தமிழுக்கோ '௹' என்று தனி ரூபாய்க் குறியே உண்டு. பழங்கணக்குகளில் வழங்கிய அது, 2003இல் யூனிகோடு தரத்திலும் சேர்ந்தது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டரசின் வரவு செலவுத் திட்ட இலச்சினையில் 'ரூ' எழுத்து இடம்பெற்றபோது இவ்வினா நாடெங்கும் எதிரொலித்தது.

வடிவமைப்பாளரைக் குறைகூறுதல் முறையன்று. பல மொழி பேசும் நாட்டுக்கு ஒற்றைக் குறி வரைபவர் எல்லா எழுத்துகளையும் அதனுள் அடைக்க இயலாது. ஆயினும், குறியில் இடம்பெறாத எழுத்துக்கு உரியவர்கள் அதைக் கேட்பதும் இயல்பே. சுருக்குதல் கலையெனில், சுருக்கத்தில் விடுபட்டது எது என்பதை மறவாதிருத்தல் அக்கலையின் அறம்.

இத்தொழிற்பகுதியின் இளைஞர் நாளை நிறுவனச் சின்னங்கள் வரைய முற்படலாம். கணிப்பொறிப் பயிற்சியோடு தாய்மொழியின் எழுத்தழகையும் அவர்கள் கற்க வேண்டும். '௹' போன்ற குறிகள் இருந்தன என்பதையாவது அவர்களுக்குச் சொல்லித் தரும் கடமை இலக்கிய வட்டங்களுக்கு உண்டு. எதை விடுகிறோம் என்று அறிந்து விடுவதற்கும், அறியாமலே இழப்பதற்கும் வேறுபாடு பெரிது.