எங்கள் லைன் வீடு



1980-இல் டி.வி.எஸ். 50 வந்த ஓசூரில்தான் நான் வளர்ந்தேன். கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் ஓட்டு வீட்டு லைன்களில் குடியிருந்தோம். பக்கத்து வீடு தெலுங்கு, எதிர்வீடு கன்னடம். குழாயடியில் மூணு பாஷையிலும் சண்டை நடக்கும். ராத்திரி களியும் குழம்பும் வீடு மாறி வரும்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி ஓடி வந்த ஒரு குடும்பத்துக்கு எங்கள் லைனில் முதலில் சோறு போட்டவர் எதிர்வீட்டுக் கன்னட அக்காதான். அந்த வாரம் முழுக்க எங்கப்பா ஷிப்ட் முடிந்து வந்து அந்த அக்கா வீட்டு வாசலில் படுத்தார், யாரும் ஏதும் செய்துவிடக் கூடாதே என்று.

2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆகிவிட்டது. இன்றும் வெளியூர்க்காரர்கள் வேலைக்கு வருகிறார்கள். தம்பிகளா, அவங்க பாஷையில நாலு வார்த்தை கத்துக்குங்க.